பதினோரு தட்டு கம்ப்யூட்டர்

எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வந்தபோது அது பதினோரு தாம்பாளத் தட்டுகளில், மேளச் சத்தத்தோடு வந்தது. தட்டுக்கு ஒரு வெற்றிலை, ஒரு எலுமிச்சம்பழம், நாலு மல்லிகைப்பூ. எங்கள் பக்கத்தில் அதற்கு முன்னும் பின்னும் வேறு யாருக்கும் அப்படி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கமுதிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மிளகாயும் பருத்தியும் போடுகிற குடும்பம். நான் கமுதியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் நாலேகாலுக்கு விடும். எங்கள் ஊர் பஸ் ஐந்தரைக்குத்தான் வரும். நடுவில் இருக்கிற நேரத்தை நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக் கழிப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்துச் சந்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் கார் ஓட்டிக்கொண்டிருந்தோம். மழை பெய்து நனைந்த ரோட்டில் ஓடுகிற பந்தயம் அது. மற்ற கம்ப்யூட்டர்களில் கார் விக்கி விக்கிப் போகும். மூலையில் சென்டர்க்காரர் தனக்கென்று வைத்திருந்த ஒன்றில் மட்டும் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஏன் என்று கேட்டேன். ஒருநாள் தூசி தட்டுவதற்காக அவர் பெட்டியைத் திறந்தபோது உள்ளே காட்டினார். இது மதர்போர்டு, இது ராம், இதுதான் கிராபிக்ஸ் கார்டு, இது இல்லாவிட்டால் அது வெறும் டைப்ரைட்டர் என்றார். அன்றிலிருந்து எனக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிற சாமான்கள்மேல் பித்துப் பிடித்துவிட்டது.

அந்த வருஷம், இரண்டாயிரத்து எட்டில், நான் பெரிய மனுஷி ஆனேன். எல்லாம் நின்றது. தாய்மாமா உச்சிப்புளியிலிருந்து தன் வேனில் பச்சைத் தென்னங்கீற்று ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டின் பக்கவாட்டில் எனக்கு ஒரு குச்சு கட்டினார். பதினாறு நாளைக்கு நான் அதற்குள். எனக்குத் தனித் தட்டு, தனிப் பாய், வாசலில் குறுக்கே ஓர் உலக்கை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. இவற்றையெல்லாம்கூடச் சகித்துக்கொண்டேன். ஆனால் முதல் நாளே அய்யா, அதாவது என் அப்பா, இனிமேல் பள்ளிக்கூடம் விட்டதும் யாராவது வந்து கூட்டி வருவார்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிற சோலியே வேண்டாம் என்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கார் போச்சு.

மூன்றாம் நாள் மாமா குச்சுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சீருக்கு என்ன வேண்டும் என்று என்னையே கேட்டார். எங்கள் வீட்டு வழக்கத்தில் பிள்ளையைக் கேட்பதுண்டு. சடங்கு முடிந்து மாமன் வாசல் தாண்டுவதற்குள் பிள்ளைக்காக ஒன்று கேட்டால் அதைப் பிள்ளையின் அப்பா மறுக்கவும் கூடாது. அம்மாவுக்கு அவளுடைய மாமன் அப்படித்தான் ஒரு பசுங்கன்று கேட்டு வாங்கித் தந்தாராம். அய்யாவின் அக்கா, எங்கள் அத்தை, நான் வாய் திறக்குமுன்பே பீரோ, கட்டில், கிரைண்டர் என்று அடுக்கினாள். நான் உள்ளேயிருந்து, “கம்ப்யூட்டர் மாமா” என்றேன்.

அத்தை தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் அய்யாவின் சத்தத்துக்காகப் பயந்துகொண்டு காத்திருந்தேன். சைக்கிள் கேட்டு இரண்டு வருஷம் அழுது, இல்லை என்று வாங்கிக்கொண்டவள் நான். ஆனால் அய்யா, “வாங்கிக் குடு மாப்ளே. வீட்டுல இருக்குற பொருள்தான” என்று உடனே சொல்லிவிட்டார். எனக்கு அது விளங்கவில்லை. கிளறினால் மனசு மாறிவிடுவாரோ என்று விட்டுவிட்டேன்.

பீரோ, கட்டில், கிரைண்டர் மூன்றுக்கும் ஆகிற தொகைதான் கணக்கு. அதற்குமேல் மாமாவால் முடியாது. ராமநாதபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கடையில் அச்சடித்த விலைப்பட்டியல் ஒன்றை மாமா வாங்கி வந்து, உலக்கைக்கு அந்தப் பக்கமிருந்து உள்ளே போட்டார். நான் அதை வைத்துக்கொண்டு நாலு நாள் தூங்கவில்லை. பரீட்சைக்குக்கூட நான் அப்படிக் கவலைப்பட்டதில்லை. நல்ல பிராசசர் போட்டால் கிராபிக்ஸ் கார்டுக்குக் காணாது. கிராபிக்ஸ் கார்டு போட்டால் ராம் பாதியாகும். ராம் இரண்டு ஜிபி வேண்டும் என்பது சென்டர்க்காரர் வாக்கு. என் கணக்கில் ஒன்றுதான் வந்தது. மதர்போர்டில் இன்னொன்று செருக இடமிருக்கும், அது காலியாகவே கிடக்கும். அந்தக் காலி இடம் கண்ணை மூடினால் வந்து நின்றது.

எஸ்.எம்.பி.எஸ். வேறு. கரண்டை வாங்கி எல்லாச் சாமானுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. கேபினட் என்கிற வெளிப்பெட்டியோடு சும்மா வருகிறதைப் போட்டால், எங்கள் ஊர் கரண்ட் ஏறி இறங்குகிற லட்சணத்துக்கு என்றாவது வெடிக்கும், வெடித்தால் மற்றதையும் கூட்டிக்கொண்டுதான் போகும் என்று சென்டர்க்காரர் சொல்லியிருந்தார். நல்லதாக வேண்டுமென்றால் எதிலாவது கைவைக்க வேண்டும். கடைசியில் மானிட்டரில் கைவைத்தேன். தட்டையான எல்.சி.டி. மானிட்டரை அடித்துவிட்டு, பின்பக்கம் பானை வயிறு தள்ளிக்கொண்டிருக்கும் பழைய மாதிரி டப்பா மானிட்டரை எழுதினேன். மலிவு என்பதால்தான் எழுதினேன். மாமாவுக்கோ அதுதான் ரொம்பப் பிடித்தது. சீரில் வைத்தால் பார்க்க நிறைவாக இருக்கும் என்றார்.

கிராபிக்ஸ் கார்டு என்று எழுதிய இடத்தில் மட்டும், பக்கத்திலேயே, “பாடப் படங்கள் தெளிவாகத் தெரிவதற்கு” என்று சேர்த்தேன். எழுத்து கோணலாகப் போனதால் அழித்து மறுபடி எழுதினேன்.

ஏழாம் நாள் மாமா என் பட்டியலை வைத்துக்கொண்டு கடைக்காரருக்குப் போன் போட்டார். நான் எதையும் தொடக்கூடாது என்பதால், ஸ்பீக்கரைத் திறந்துவிட்டு, கையை நீட்டி உலக்கைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டார். ஊருக்கே கேட்கிற ஸ்பீக்கர் அது. பத்தடி தள்ளி அய்யா கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். மாமா ஒவ்வொன்றாக வாசிக்க, இருக்கிறது, இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்த கடைக்காரர், ஓரிடத்தில் நின்றார். “இந்தக் கார்டு படிக்கிற பிள்ளைக்கு வேணாங்க. கேம் வெளையாடுறவங்கதான் போடுவாங்க.”

கீற்றுக்குள் எனக்கு வியர்த்து ஊற்றியது. அய்யா கட்டிலில் புரண்டு படுத்தது கேட்டது. மாமா பட்டியலைப் பார்த்தார். அப்புறம் கீற்று இடுக்கு வழியாக என்னைப் பார்த்தார்.

“பிள்ளை எழுதியிருக்குல்ல. எழுதினதப் போடுங்க” என்றார்.

போனை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, இது நன்றாக ஓடுமா என்று மெல்லக் கேட்டார். ஓடும் மாமா என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. பயத்திலா நன்றியிலா என்று இப்போதும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அய்யாவும் மாமாவும் குச்சுக்குப் பின்னால் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். கீற்றுக்குக் காது உண்டு என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

“பத்தாவது முடியட்டும் மாப்ளே. அப்பறம் பஸ்ஸேறிக் கமுதிக்கு அலைய வேண்டியதில்ல. அதான் கம்ப்யூட்டர் வருதுல்ல, வீட்டுல இருந்தே படிச்சுப் பிரைவேட்டா எழுதட்டும்.”

மாமாவின் குரல் இழுத்தது. “பிள்ளைட்ட ஒரு வார்த்தை கேக்கணும் மச்சான்.”

“கேளு. அது என்ன சொல்லப்போகுது.”

இதைக் கேட்டு எனக்கு வந்த கவலை என்ன தெரியுமா? நாள் முழுக்க மிஷின் ஓடினால் எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்பதுதான்.

பதினாறாம் நாள் சடங்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பட்டுக் கட்டி, கழுத்து வளைகிற அளவுக்கு மாலை போட்டுப் பந்தலில் நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். குனிந்த தலை நிமிரக்கூடாது, பேசக்கூடாது என்று அத்தையின் உத்தரவு. தெருமுனையில் மேளம் கேட்டது. மாமா சீர் கொண்டு வருகிறார். நான் புருவத்துக்குக் கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பத்துத் தட்டுகளில் பழம், பலகாரம், சேலை, வளையல். பதினோராவது தட்டு என்று சொல்லவே முடியாதபடி, டப்பா மானிட்டரை இரண்டு ஆள் தூக்கி வந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். சரி, அடுத்து கேபினட் வரும், உள்ளே எல்லாம் மாட்டியிருக்கும், முடிந்தது என்று நினைத்தேன்.

கேபினட் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு தட்டில் எஸ்.எம்.பி.எஸ். வந்தது. அடுத்த தட்டில் மதர்போர்டு. அடுத்ததில் பிராசசர். எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

மாமா பிற்பாடு விளக்கம் சொன்னார். கடையில் எல்லாவற்றையும் மாட்டி ஒரே பெட்டியாகத்தான் தருவோம் என்றார்களாம். ஒரே பெட்டியாக வந்தால் ஒரு தட்டில்தானே வைக்க முடியும்? இவ்வளவு செலவு செய்து ஒரு தட்டு சீரா என்று ஊர் கேட்காதா? அதனால் சண்டை போட்டுப் பிரித்தே வாங்கி வந்துவிட்டார். கீபோர்டும் மவுஸும் முதலில் ஒரே தட்டில்தான் இருந்தனவாம். அப்படி வைத்தால் கம்ப்யூட்டர் பத்துத் தட்டாகி, மொத்தம் இருபது வந்தது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். எனவே மவுஸுக்குத் தனித் தட்டு, தனி எலுமிச்சம்பழம்.

இவ்வளவோடு விட்டிருந்தால் பரவாயில்லை. தட்டுகளைப் பந்தலில் வரிசையாக இறக்கி வைத்ததும் அத்தை உட்கார்ந்து பெட்டிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். மூடின பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று எவள் நம்புவாள் என்பது அவள் கட்சி. மதர்போர்டை அதன் வெள்ளிக்காகிதப் பையிலிருந்து உருவி, வெற்றிலைமேல் வைத்தாள். சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டு, அதன் நடு மத்தியில் ஒரு பொட்டு. சந்தனத்தின்மேல் குங்குமம். அடுத்து ராமுக்கு. அதன் தங்கநிறப் பல்வரிசையில்தான் அவளுக்கு இடம் தோதாகப் பட்டது.

நான் அம்மாவைக் கண்ணால் கூப்பிட்டேன். கண்ணை உருட்டினேன், தட்டுப் பக்கம் காட்டினேன். அம்மா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். எனக்கு மயக்கம் வருகிறதென்று நினைத்து ஒரு சோடாவைத் திறந்து வாயில் ஊற்றிவிட்டுப் போனாள். அதற்குள் யாரோ ஒரு சித்தி பன்னீர்ச் செம்பை எடுத்து, வந்திருந்தவர்கள்மேல் தெளித்தபடி சீர்வரிசைப் பக்கம் நகர்ந்தாள். கிராபிக்ஸ் கார்டின்மேல் நாலு துளி விழுந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அந்த நேரத்தில் மாமா மாலை போட என் முன்னால் குனிந்தார். உத்தரவாவது ஒன்றாவது. “மாமா, தண்ணி படக்கூடாது. பட்டா செத்துரும்” என்று அவர் காதில் சொன்னேன்.

மாமா திரும்பினார். தோளில் கிடந்த பட்டுத்துண்டை எடுத்து உதறி, சாமிக்குச் சாத்துவதுபோல் அந்தத் தட்டுகளின்மேல் விரித்தார். பன்னீர் துண்டின்மேல் விழுந்தது. ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மாமன் செய்தால் அதில் ஏதோ முறை இருக்கும் என்று எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் மேலத்தெருவில் ஒரு சடங்கில், வெறும் எவர்சில்வர் குடங்களைப் பட்டுத்துண்டு போட்டு மூடியிருந்ததைப் பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் மாட்ட உட்கார்ந்தோம். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் கரண்ட் ஒரு நிலையாக இருக்கும். நான் தரையில், எதிரே மாமா, ஜன்னலில் அத்தையும் நாலைந்து பெண்களும். மாமா குரலைத் தாழ்த்தி ஒரு விஷயம் சொன்னார். பிரித்து வாங்கினதால், மாட்டி ஓடாவிட்டால் தாங்கள் பொறுப்பில்லை என்று கடையில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதாவது ஓடாவிட்டால் பீரோவும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. மாமன் செய்த சீர் மண்ணாய்ப் போச்சு என்று ஜன்னலில் நிற்கிற வாய்களே கமுதிவரை கொண்டுபோகும். மாமாவின் மேலுதட்டில் வியர்வை நின்றது. எனக்காக மட்டும் பயந்துகொண்டிருந்தவள், அவருக்காகவும் சேர்த்துப் பயப்பட ஆரம்பித்தேன்.

மதர்போர்டில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. புதுப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டித் தட்டினேன். கிராபிக்ஸ் கார்டைக் காலையிலிருந்து நிழலில் உலர்த்தியிருந்தேன். சென்டர்க்காரர் திறந்து காட்டியதை மட்டும் நம்பி, ஒவ்வொன்றாகச் செருகினேன். பிராசசர் தலையில் தடவுவதற்கென்று ஒரு சின்ன ஊசிக்குழாயில் சாம்பல்நிறப் பசை வந்திருந்தது. நான் அதைப் பிதுக்கி ஒரு பொட்டு வைத்ததும் மாமா, “அப்ப இதுக்கும் வைக்கத்தான் செய்யணும். உங்க அத்தைய ஏன் வையிற?” என்றார். சிரிப்பு வரவில்லை.

சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஜன்னலில் ஒரு ‘ஆ’ கேட்டது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. உள்ளேயிருந்து பீப், பீப், பீப் என்று நீளநீளமாக ஒரு சத்தம். நிறுத்தி மறுபடி போட்டேன். அதே சத்தம். அத்தை, கிரைண்டராவது வாங்கியிருக்கலாம் என்றாள். மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்டரில் இந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன், ராம் சரியாகச் சேராவிட்டால் வருவது. ராமைக் கழற்றினேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். பல்வரிசையின் ஓரத்தில் மெல்லிசாக ஒரு சிவப்புக் கோடு. சந்தனமும் குங்குமமும் அத்தை விரல் ரேகையோடு ஒட்டியிருந்தன. என் ஜாமென்ட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, நோட்டில் தப்பை அழிப்பதுபோல் அழித்தேன். இரண்டு பக்கமும் அழித்தேன். ஊதினேன். செருகி, கட்டைவிரலால் ‘டக்’ என்று சத்தம் வருகிறவரை அமுக்கினேன். சுவிட்சை என்னால் போட முடியவில்லை. மாமா போட்டார்.

ஒரே ஒரு பீப். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக ஓடின. மாமாவுக்கு ஒன்றும் புரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாக முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். சாயங்காலம்வரை உட்கார்ந்து, டிஸ்க் டிஸ்க்காகப் போட்டு எல்லாவற்றையும் ஏற்றினேன். எல்லாம் முடிந்தபின் மாமா சட்டைப் பையிலிருந்து இன்னொரு டிஸ்க்கை எடுத்து நீட்டினார். மேலே கார் படம். “கடைக்காரரு குடுத்தாரு. பாடமாம்” என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நனைந்த ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போனது. வளைவுகளில் மட்டும் கொஞ்சம் விக்கியது. அந்தக் காலி இடம்தான் காரணம்.

மறுநாள் காலையில் மாமா உச்சிப்புளிக்குக் கிளம்பினார். வேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வாசல்படிக்கு இந்தப் பக்கமே நின்று என்னைக் கூப்பிட்டார். அய்யா பக்கத்தில் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

“ஆத்தா, மாமன் இன்னும் வாசல் தாண்டல. வேற எதுவும் வேணுமா? எதுன்னாலும் கேளு. இப்ப நீ சொன்னா உங்கய்யா மறுக்க ஏலாது.”

எனக்குப் படபடவென்று வந்தது. இப்படி ஒரு வாய்ப்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை. தப்பாகக் கேட்டுவிடக் கூடாது. ஜாய்ஸ்டிக் கேட்கலாமா, ராம் கேட்கலாமா? இரண்டில் எது ரொம்பத் தேவை? அய்யா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு ஒரு ஜிபி ராம் மாமா.”

மாமா அசையாமல் நின்றார். “வேற?”

“வேற ஒண்ணும் வேணாம்.”

“நல்லா யோசிச்சியா ஆத்தா?”

“யோசிச்சுட்டேன் மாமா. ரெண்டு ஜிபி போதும்.”

அய்யா சிரித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அதான் கேட்டுவிட்டாயே மாப்ளே, கிளம்பு, வெயில் ஏறுது என்றார். மாமா சட்டைப் பையிலிருந்து என் பட்டியலை எடுத்து விரித்து, அதன் அடியில் ராம் என்று எழுதிக்கொண்டார். ரொம்ப நேரம் எழுதினார் என்று எனக்கு ஞாபகம். அப்புறம் வாசலைத் தாண்டினார்.

அடுத்த வாரமே ராம் வந்துவிட்டது. கார் அதற்கப்புறம் ஒரு வளைவிலும் விக்கவில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது என்று இரண்டு வருஷம் சந்தோஷமாக ஓட்டினேன். பதினொன்றாம் வகுப்பு திறந்த அன்று காலையிலும் ஓட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஏழே முக்காலுக்குக் கமுதி பஸ் வந்து, எங்கள் நிறுத்தத்தில் என் வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற சத்தம் ஜன்னலில் கேட்டது. மாமா அன்றைக்கு எதற்காக இரண்டு தடவை கேட்டார் என்று அப்போதுதான் நான் யோசிக்க ஆரம்பித்தேன்.